நந்திதுர்க்கில் நான் கட்டிய அமெரிக்கா

நான் இதுவரை அமெரிக்காவுக்குப் போனதில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் கட்டடக்கலை படித்து முடித்த வருடம் நான் பேசிய பேச்சைக் கேட்டவர்கள், நான் கலிஃபோர்னியாவில் பிறந்து, ரயில் மாறி ஏறி, மாரிகுப்பத்தில் இறங்கிவிட்டதாகத்தான் நினைத்திருப்பார்கள். உண்மையில் நான் பிறந்ததே மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த மைன்ஸ் லைன் வீட்டில். படித்தது பெங்களூரில், ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் அமெரிக்கக் கட்டடங்களின் படங்களைப் பார்த்த அளவுக்கு நான் வேறு எதையும் பார்க்கவில்லை, பாடப்புத்தகம் உட்பட.

மலைச்சரிவில் தொங்கும் கண்ணாடி வீடு, வெட்டவெளியில் தனியாக நிற்கும் கான்கிரீட் வீடு, கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி ஒரு மியூசியம், புத்தகத்தைத் தவிர எல்லாம் கண்ணில் படுகிற ஒரு நூலகம். எந்தப் படத்திலும் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். தப்பித்தவறி இருந்தால் ஒரே ஒருவர் வெள்ளைச் சட்டையில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக எதையோ யோசித்துக்கொண்டிருப்பார். அவருக்குத் துணி காயப்போட வேண்டாம், கேஸ் சிலிண்டர் வைக்க இடம் வேண்டாம், முக்கியமாகச் சொந்தக்காரர்கள் கிடையாது. அதுதான் வாழ்க்கை என்று நான் நம்பினேன்.

அந்தச் சமயம் பார்த்து அப்பா வீடு கட்ட முடிவு செய்தார். (அவருக்கு நேரம் சரியில்லை என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.) அப்பா மைன்ஸில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். மைன்ஸை மூடியபின் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு செக்யூரிட்டியாகப் போய்வந்தார். விடிவதற்குள் ஒரு ரயில், இருட்டியபின் ஒரு ரயில். அதிலிருந்தும் ஓய்வுபெற்றதும் எங்கள் ஊரிலேயே நந்திதுர்க் பக்கம் ஒரு மனை வாங்கினார். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குப் பிறகு முதல் சொந்த வீடு. பிளான் போட வீட்டிலேயே ஒரு ஆர்கிடெக்ட் இருக்கிறாள் என்று வெளியில் ஒருவரையும் அவர் கேட்கவில்லை.

"ரேவதி, எனக்குன்னு பெருசா ஒண்ணும் வேணாம்மா," என்றார். "கதவு போட்ட ஒரு ரூம் வேணும். உள்ள போயி சாத்திகினா தட்டாம ஒருத்தரும் வரக்கூடாது. அவ்ளோதான்."

லைன் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை புரியும். முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலுக்கு ஒரு சந்து. அதில் நாங்கள் எட்டுப் பேர். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே இருமினால் இங்கே அம்மா கஷாயம் வைப்பாள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து அப்பா பகலில் தூங்கும்போது அவரைத் தாண்டித்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போவோம்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் அவரைப் பார்த்துப் பரிவோடு சிரித்தேன். படிக்காத பெற்றோரைப் பார்த்துப் படித்த பிள்ளைகள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

"அப்பா, இப்ப அமெரிக்கால யாரும் ரூம் ரூமா கட்டறதில்ல. ஓப்பன் பிளான்தான். சமையல், சாப்பாடு, ஹால் எல்லாம் ஒரே இடத்துல இருக்கும்."

"படுக்கறது?"

"அதுக்கு ஒரு மறைப்பு வரும். கதவு வராது."

"சாமி படம்?"

"அதுவும் அங்கதான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "இத்தத்தானே இத்தினி வருசமா லைன்ல அனுபவிச்சிகினு இருந்தோம். நாமதான் அமெரிக்கான்னு தெரியாமயே காலத்த ஓட்டிட்டோம்."

அவருக்கு ரசனையைப் புகட்டலாம் என்று புத்தகத்தைத் திறந்து அந்த மியூசியத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒரு பக்கமா சரிஞ்சி கீது."

"அது டிசைன்பா."

"முட்டுக் குடுக்காம உட்டா மைன்ஸ்ல கீழ லெவல்ல இப்பிடித்தான் ஆவும். ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?"

இப்படிக் கேட்டவர்தான் கடைசியில் ஒத்துக்கொண்டார். அதற்கு என் வாதத் திறமை காரணம் இல்லை. 'எம்பொண்ணு படிச்சவ, அவளுக்குத் தெரியும்' என்று அதற்குள் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார். இனி பின்வாங்கினால் எனக்கு அவமானம் என்று நினைத்து, கேட்ட ஒரே ஒரு கதவையும் விட்டுக்கொடுத்தார்.

அப்படியாக நந்திதுர்க்கில் அமெரிக்கா எழும்ப ஆரம்பித்தது. தெருப் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அதற்குத் திரை போடக்கூடாது என்பது என் உத்தரவு. ஹாலை நாலு படி கீழே இறக்கினேன், உட்கார்ந்து பேசுவதற்குப் பள்ளமாக இருந்தால் நெருக்கம் வருமாம். கூரை இன்னும் விசேஷம். ஊரில் இருக்கிற கூரையெல்லாம் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும் அல்லவா? என் கூரை ஓரத்தில் உயர்ந்து நடுவில் தாழ்ந்தது. பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி, அந்தப் புத்தகத்தில் இருந்த ஒரு வீட்டைப் போலவே. அந்தத் தாழ்ந்த இடத்தின் நடுவே, ஹால் பள்ளத்துக்கு நேர் மேலே, வெளிச்சம் வர ஒரு கண்ணாடித் திறப்பு. வீட்டில் கதவு இருந்த ஒரே அறை பாத்ரூம். அதற்கும் கண்ணாடிதான் வைப்பதாக இருந்தேன். அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து மரக்கதவு வாங்கினாள்.

மேஸ்திரி வெங்கடேசப்பா பேத்தமங்களாக்காரர். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், வேலையில் தமிழ் பேசுவார். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தபடி தலையைச் சொறிந்தார்.

"மேடம், மழை வந்தா தண்ணி எல்லாம் நடுவுல வந்து நிக்குமே."

"நடுவுல பைப் இருக்கில்ல?"

"ஒரே பைப்பு. அமெரிக்கால இந்த மாதிரி வீடு கீற ஊர்ல மழை எவ்ளோ பெய்யும் மேடம்?"

நல்ல கேள்வி. பதில் எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் கோபம் வந்தது. "போட்டதப் போட்டபடி கட்டுங்க மேஸ்திரி," என்றேன். அவர் அப்படியே கட்டினார். கூரைமேல் ஏறப் படி எங்கே என்று மட்டும் ஒருநாள் கேட்டார். படத்தில் படி இல்லை, அதனால் வீட்டிலும் இல்லை என்றேன்.

ஆனியில் வீடு முடிந்தது. ஆடியில் கிரகப்பிரவேசம் செய்யக்கூடாது என்பதால் ஆவணிக்கு நாள் குறித்து வீட்டைப் பூட்டி வைத்தோம். இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு வருகிறது. எங்கள் ஊரில் கல்லை அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தை எடுத்தபின் மிஞ்சியதை எல்லாம் மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சயனைடு மேடு என்போம். மாவு மாதிரி மணல். ஆடிக் காற்று கிளம்பினால் அந்த மேடு எழுந்து ஊருக்குள் வந்துவிடும். குடத்தை மூடு, சோற்றை மூடு, ஜன்னலைச் சாத்து என்பதை இங்கே பிள்ளைகள் எழுத்துக் கற்பதற்கு முன்பே கற்றுவிடுவார்கள். தட்டைத் துடைக்காமல் சோறு போட்டுக்கொண்டது எனக்கு நினைவே இல்லை. அப்படி வளர்ந்த நான், அந்த மேட்டுக்கு எதிரே, வீட்டுத் தலையில் ஒரு பெரிய தாம்பாளத்தைத் திறந்து வைத்துவிட்டு ஆடி மாதம் முழுக்கப் பெங்களூரில் தூங்கினேன்.

ஆவணியில் ஒரு நல்ல நாள். காலை முகூர்த்தம். முதலில் பசுவை வீட்டுக்குள் அழைத்துப் போகவேண்டும். அது வாசல் வரைக்கும் வந்தது. கண்ணாடிச் சுவரில் இன்னொரு பசு நின்றுகொண்டு தன்னையே முறைப்பதைப் பார்த்தது. அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. வாழைப்பழம் காட்டினோம், வெல்லம் காட்டினோம். கடைசியில் அம்மா தன் பட்டுப்புடவையின் முந்தானையால் அதன் கண்ணை மறைத்து உள்ளே தள்ளினாள். கண்ணாடி வழியாகத் தெருவே இதை நின்று பார்த்தது. திரை வேண்டாம் என்று சொன்னது நான்தானே.

பால் பொங்கியது. விருந்துக்கு வந்தவர்கள் நாற்பது பேர். பெரிதாக இருந்த இடம் ஹால் பள்ளம் ஒன்றுதான் என்பதால் பந்தியை அங்கேயே போட்டோம். அப்பாவின் அக்கா தனம் அத்தை படியில் இறங்கும்போதே ஆரம்பித்தாள்.

"ஏண்டி ரேவதி, உங்கப்பன் பூமிக்கு அடியில போன காலம் முடிஞ்சிதுன்னு சாமிக்குத் தேங்கா ஒடச்சேன். நீ வூட்டுக்குள்ளயே மைன்ஸ் ஷாஃப்ட் தோண்டிக் கீற?"

சாம்பார் முடிந்து ரசம் வரும்போது இடி இடித்தது. மழை பிடித்துக்கொண்டது. நான் கூரையின் தாளத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். (சத்தியமாக ரசித்தேன். பக்கத்திலிருந்த சித்தப்பாவிடம் 'கேளுங்க, எப்படி இருக்கு' என்று வேறு சொன்னேன்.) மேலே என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு மாதம் சேர்ந்த மணல் அந்த ஒற்றை பைப்பை அடைத்திருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் ஏறி, கண்ணாடித் திறப்பின் விளிம்பைத் தொட்டது. முதலில் ஒரு சொட்டு, சித்தப்பாவின் அப்பளத்தில். அவர் அண்ணாந்து பார்த்தார். அதற்குள் கண்ணாடி ஒரு பக்கம் நெகிழ்ந்து, சாம்பல் நிறச் சேறு மொத்தமாகப் பந்திக்கு நடுவில் இறங்கியது.

அலறல் கேட்டதா என்றால், இல்லை. அப்பாவின் குரல்தான் கேட்டது. மைன்ஸுக்குக் கீழே தண்ணீர் நுழைவதை எத்தனையோ முறை பார்த்தவர் அவர்.

"யாரும் ஓடக்கூடாது. பெரியவங்க மொதல்ல ஏறுங்க. கொழந்தைங்கள தூக்கிக்கங்க. படியில தள்ளாதீங்க, வாங்க, வாங்க."

இரண்டே நிமிடத்தில் எல்லோரும் மேலே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அப்பா விரல் நீட்டித் தலை எண்ணினார். ஒன்று குறைந்தது. தனம் அத்தை மட்டும் கணுக்கால் சேற்றில் இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாயசம் இன்னும் வரல, தம்பி," என்றாள்.

அவளையும் ஏற்றிவிட்டு அப்பா சுற்றிலும் பார்த்தார். சேற்றில் மிதக்கும் இலைகள், நனைந்த கோலம், கண்ணாடிக்கு வெளியே குடை பிடித்து வேடிக்கை பார்க்கும் தெரு. 'எம்பொண்ணு படிச்சவ' என்று அவர் யாரிடமெல்லாம் சொன்னாரோ அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.  அப்பா நேராகப் போய் பாத்ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். அழுகை வந்தது. கட்டடத்துக்காக வந்த அழுகை இல்லை அது. மூன்று தலைமுறைக்கு ஒருமுறை வரும் நாளை அவரிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டேன் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

"அப்பா, தப்புப் பண்ணிட்டேன். வெளிய வாங்கப்பா."



"செத்த நேரம் உட்டுடும்மா," என்றார். குரலில் கோபமே இல்லை. "பொறந்ததுலருந்து இன்னிக்குத்தான் தனியா உக்காந்துகினு கீறேன். நல்லாத்தான் கீது."

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து, எனக்குப் பாயசம் கிடைத்ததா என்று கேட்டார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

அன்று சாயங்காலமே அந்தப் புத்தகத்தை எடுத்து, ஐந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த பட்டாம்பூச்சிக் கூரை வீட்டின் படத்துக்குக் கீழே இருந்த பொடி எழுத்தை முதல் முறையாகப் படித்தேன். அந்த வீடு இருப்பது பாலைவனத்தில். அங்கே மழை என்பது விருந்தாளி மாதிரி எப்போதாவது வருமாம்.

வெங்கடேசப்பா திரும்பி வந்தார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் சொல்லாதது எனக்கு இன்னும் வலித்தது. பள்ளத்தை நிரப்பினார், கூரைக்கு மேல் முறையாக ஒரு கூரை போட்டார், கண்ணாடியை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் வைத்தார். அப்பாவுக்கு ஓர் அறை தடுத்து வேங்கை மரக் கதவு போட்டார், உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாளோடு. இப்போது அது தெருவிலிருக்கும் மற்ற வீடுகளைப் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆட்டோக்காரர்களுக்கு அது அமெரிக்கா வீடு. 'அமெரிக்கா ஸ்டாப்ல எறக்கிடுப்பா' என்று தனம் அத்தை சொன்னால் சரியாகக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

நான் பெங்களூரில் இன்னும் வீடுகள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். வருகிறவர்கள் போனில் அமெரிக்கப் படங்களைக் காட்டுவார்கள். நான் அதை வாங்கிப் பார்க்கும் முன், வீட்டில் யார் யாருக்குத் தனியாக உட்காரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா தன் அறையில் என்ன செய்கிறார் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. ரேடியோ சத்தம்கூட வராது. சாப்பிட்டதும் உள்ளே போய்ச் சாத்திக்கொள்வார். ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் போய்க் கதவைத் தட்டுவேன்.

"யாரு?"

"ரேவதிப்பா."

"பொண்ணா, ஆர்கிடெக்டா?"

"பொண்ணுதான்பா."

அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள் நகரும். வீட்டில் எல்லோரும் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்கள். போன தீபாவளிக்கு எனக்கும் ரோஷம் வந்து, 'ஆர்கிடெக்ட்தான்' என்று சொல்லிப் பார்த்தேன்.  உள்ளேயிருந்து அப்பா மிக மரியாதையாகச் சொன்னார்: "வூட்ல யாரும் இல்லீங்க. போய்ட்டு அப்பறமா வாங்க."