மூன்று நிமிடப் புறம்போக்கு

காரைக்குடி நகைப்பட்டறைத் தெருவில் குடியிருக்கும் மஹாலட்சுமிக்கு இழைக்கப்பட்ட அநீதி இதுதான்: அரசுக்குச் சொந்தமான ஒரு பாட்டை அவள் முன் அனுமதியின்றிக் காதால் ஆக்கிரமித்து வந்தாள் என்று சொல்லி, அவளிடமிருந்த ஒரே இசைத்தட்டை சிவகங்கையிலிருந்து வந்த ஜீப் எடுத்துக்கொண்டு போனது.

தட்டு நூறு வருஷத்துக்கு முந்தியது. பழைய சாமான் கடையில் பீங்கான் தட்டுகளோடு சேர்த்து அடுக்கியிருந்ததை அவள் வாங்கி வந்தாள். சாவி கொடுத்து ஓட்டுகிற கிராமபோன் பெட்டி மாமனார் விட்டுப்போனது. கல்லூரி நூலகத்தில் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, காபி போட்டு வைத்துக்கொண்டு ஊசியை வைப்பாள். அப்பளம் பொரிகிற மாதிரி கொஞ்ச நேரம் சத்தம் வரும். அதற்குப் பின்னாலிருந்து, மைக் இல்லாத காலத்தில் புனலுக்கு முன்னால் நின்று பாடிய ஓர் அம்மாளின் குரல் எழும்பும். மூன்று நிமிடத்தில் பாட்டு முடியும். முடிந்த கையோடு, "என் பேரு கண்டனூர் குஞ்சரம்" என்று அந்த அம்மாளே சொல்லிவிட்டுப் போவாள். அந்த மிடுக்கைக் கேட்கத்தான் மஹாலட்சுமி தட்டையே போடுவாள். நாள் முழுக்க "லைப்ரரி மேடம்" என்று மட்டுமே கூப்பிடப்படுகிறவளுக்கு, ஒருத்தி தன் பேரைத் தானே உரக்கச் சொல்வது பிடித்திருந்தது.

எதிரே விஷ்வா பாரம்பரியக் காபிக் கடை வைத்திருந்தான். வாசலில் பளபளக்கும் பித்தளைப் புனலோடு ஒரு கிராமபோன். அதன் வயிற்றுக்குள் புளூடூத் ஸ்பீக்கர். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்து, கண்ணை மூடி, இசையில் கரைந்துபோன மாதிரி படம் எடுத்துக்கொள்வார்கள். படம் எடுக்கும்போது பாட்டு இடைஞ்சலாக இருக்கிறது, அணையுங்கள் என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில், எதிர்வீட்டிலிருந்து வருகிற நிஜக் கரகரப்பு பாரம்பரியச் சூழலைக் கெடுக்கிறது என்று விஷ்வா மனுப் போட்டான்.

மனு, பொது இசைச் சொத்துப் பராமரிப்புப் பிரிவுக்குப் போனது. அப்படி ஒரு பிரிவு இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. பிரிவுக்கும் அன்றைக்குத்தான் ஒரு வேலை வந்தது. தாங்கள் கேட்கும் பாடலின் உரிமையாளர் யார் என்று வினவி மஹாலட்சுமிக்குக் கடிதம் வந்தது. அவள் உள்ளதை எழுதினாள்: உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இப்போது இது யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது.

அது அவள் செய்த தப்பு. நேரில் வரச் சொன்னார்கள்.

பிரிவு அதிகாரி இராமநாதன் அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "யாருக்கும் சொந்தமில்லைன்னு நீங்களே எழுதியிருக்கீக. யாருக்கும் சொந்தமில்லாதது யாருக்குச் சொந்தம்?"

"யாருக்கும் இல்ல சார்."

"கவர்மெண்டுக்கு. நிலமாக் கெடந்தா புறம்போக்குங்கிறோம். பாட்டா இருந்தா விட்டுருவமா? எத்தனை வருஷமாக் கேக்குறீக?"

"ஆறு வருஷம் இருக்கும்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

"தொடர் ஆக்கிரமிப்பு," என்றார் இராமநாதன். கிளார்க் சோணை எழுதிக்கொண்டார்.

மஹாலட்சுமி விடவில்லை. நிலத்தில் நான் உட்கார்ந்தால் இன்னொருத்தர் உட்கார முடியாது. பாட்டை நான் கேட்டதால் அது குறைந்தா போய்விட்டது, தெருவே கேட்கிறதே என்று வாதாடினாள். இராமநாதன் பேனாவைக் கீழே வைத்தார். இவ்வளவு பெரிய ஆக்கிரமிப்பை அவர் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப தெருவே கேக்குதுங்கிறீக."

மறுவாரம் சர்வேயர் வந்தார். தட்டைச் சுழலவிட்டு, சங்கிலியை இழுத்துக்கொண்டு, பாட்டு காதில் விழும் மட்டும் நடந்தார். வடக்கே மாவு மில், தெற்கே விஷ்வாவின் ஸ்பீக்கர், கிழக்கே டியூஷன் சென்டர், மேற்கே நாய்கள் என்று பாட்டுக்கு நான்கெல்லை எழுதப்பட்டது. எல்லைக்குள் இருந்த வீடுகளுக்கெல்லாம் ஆக்கிரமிப்பு நோட்டீஸ், அதாவது பி மெமோ, கொடுக்கப்பட்டது. அளந்து முடித்த சொத்து ஆக்கிரமிப்பாளர் கையில் இருக்கலாகாது என்பதால் தட்டு ஜீப்பில் ஏறியது. பார்த்துக் கொண்டுபோங்க, விழுந்தா உடைஞ்சுரும் என்றாள் மஹாலட்சுமி. சோணை அதையும் எழுதிக்கொண்டார்.

தெரு கொதித்தெழும் என்று அவள் நம்பினாள். கையெழுத்து வாங்க ஒரு தாளோடு கிளம்பவும் செய்தாள். ஆனால் பி மெமோ என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்பதை அவள் மறந்துவிட்டாள். கண்மாய்க் கரையில் குடிசை போட்டவருக்கு அது கண்டனம் அல்ல. இவர் இங்கேதான் இருக்கிறார் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த சாட்சி. பத்திரமாக வைத்திருந்தால் ஒருநாள் பட்டா வரும். ஆகவே தெரு கொதிக்கவில்லை. தெரு மெமோவை லேமினேட் செய்தது.

கொதித்ததெல்லாம் மெமோ கிடைக்காதவர்கள்தான். நேற்றுவரை அந்தச் சனியனை நிறுத்தச் சொன்ன பின்தெரு சின்னக்கண்ணு, "ஏக்கா, எங்க அடுப்படி வரைக்கும் கேக்குமே, எங்களுக்கு மட்டும் ஏன் வரல?" என்று சண்டைக்கு வந்தாள். வலையபட்டியிலிருந்து பெரியகருப்பன் என்று ஒருவர் பஸ் பிடித்து வந்தார். காற்றடித்தால் தன் ஊர் வரை கேட்கும் என்றும், தன் பங்குக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்றும் விசாரித்தார். எந்தப் பாட்டு என்று தெரியுமா என்று மஹாலட்சுமி கேட்டாள்.

"அதெல்லாம் பட்டாவுல போட்டுருவாகள்ல," என்றார் அவர்.

விஷ்வாவோ தனக்கே முதல் உரிமை என்றான். "நான் தெனமும் கேட்டு நொந்ததுக்கு எழுத்து மூலமா ஆதாரம் இருக்குக்கா. தேதி போட்ட மனு. உங்ககிட்ட என்ன இருக்கு?"

அவளிடம் ஒன்றும் இல்லை. கேட்டது மட்டும்தான் இருந்தது. அதுவும் விசாரணையில் தள்ளுபடி ஆனது. சாவி கொடுப்பதும் ஊசி மாற்றுவதுமாக அவள் வேலையில் இருந்திருக்கிறாள்; வேலை பார்க்கிறவருக்குப் பாட்டுக் கேட்க நேரம் ஏது என்று அலுவலகம், தன் சொந்த வழக்கத்தை மறந்து, தீர்ப்புச் சொன்னது.

கடைசியில் அவள் ஒரே வரியில் ஒரு மனு எழுதினாள்: என் தட்டைத் திருப்பித் தரவும். அதன் பிறகும் சாயங்காலம் பெட்டி முன்னால் காபியோடு உட்காருவாள். பழக்க தோஷத்தில் சாவி கொடுப்பாள். தட்டில்லாத பெட்டி சும்மா சுற்றி நிற்கும்.

ஒருநாள் காலை தெருவே வேன் பிடித்து சிவகங்கைக்குப் போனது. பட்டா தருகிறார்கள் என்று மட்டும் அவள் காதில் விழுந்தது. சாயங்காலம் சோணை பதிலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பார்வையில் கண்ட தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. மேற்படி பாடல் யாருக்கும் சொந்தமில்லை என்று தாங்களே எழுத்து மூலம் தெரிவித்துள்ளபடியால், தட்டைத் தங்களுக்குத் திருப்பித் தர வழிவகை இல்லை. வரப்பெற்ற ஏனைய மனுக்கள் யாவும் பங்கு கோரியவை என்பதால், மேற்படி தட்டு மனுதாரர்கள் முன்னிலையில் உட்பிரிவு செய்யப்பட்டு, ஆளுக்கொரு துண்டு வீதம் பட்டாவுடன் வழங்கப்பட்டது. மனுதாரர்கள் கைதட்டி ஏற்றுக்கொண்டனர். திரு. விஷ்வா அவர்களின் துண்டு, அவரது கடையில் கண்ணாடிச் சட்டமிட்டுப் பொதுமக்கள் படம் எடுத்துக்கொள்ள வைக்கப்பட்டுள்ளது. பாடலைக் கேட்க வேண்டும் என்று கோரி, தங்கள் மனு உட்பட, எந்த மனுவும் இவ்வலுவலகத்தில் வரப்பெறவில்லை என்பதும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."