பின்கட்டுப் பேயின் இங்கிலீஷ்

"ஸெட் என்றால் வைத்தல். ஸெட் என்றால் சூரியன் மறைதல். அப்புறம்..." ஸ்ரீகண்டனுக்கு அதற்குமேல் ஓடவில்லை. வலியசாலை அக்ரஹாரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது.

"தயிர் உறைஞ்சாலும் ஸெட்தான்," என்றது ஒரு பெண் குரல், கொல்லையிலிருந்து.

அவன் எட்டிப் பார்த்தான். கிணற்றுக்கு அப்பால் எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஒற்றை அறை. இன்று பூட்டைக் காணோம், உள்ளே வெள்ளையாக ஏதோ அசைந்தது. போன மாதமும் இப்படித்தான், 'ரன்' என்ற சொல்லோடு அவன் மல்லாடும்போது வந்து அர்த்தம் சொல்லிற்று.

பாவம், ஸ்ரீகண்டன் தாயில்லாப் பிள்ளை. கோயில் மடப்பள்ளியில் சமையல்காரத் தகப்பனோடு வளர்ந்து, இங்கே குடி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வரும் திங்கட்கிழமை சர்க்கார் குமாஸ்தா பரீட்சை. ஒரே சொல்லுக்குப் பத்து அர்த்தம் கேட்டு உயிரை வாங்குவார்களாம். தேறாவிட்டால் மறுபடி கரண்டிதான்.

"முருகா! முருகா!" என்று அலறினான்.

"இப்படிப் பயந்தா பரீட்சை எப்படி எழுதுவேள்?" என்றது குரல்.

மறுநாள் சாந்தி செய்வதாக நினைத்து, நெய்ப்பாயசம் கிண்டி அறை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தான். சற்றைக்கெல்லாம் பாத்திரம் காலி!

"ஏலக்காய் போறாது," என்றது குரல். "எலிக்குப் பொறி வைக்கறதும் ஸெட்தான். நன்னா ஞாபகம் வச்சுக்கோங்கோ."

பொறியா! யாருக்கு?

அப்போது வீட்டுக்கார மாமி அனந்தலக்ஷ்மி இலையில் சோறு கொண்டுவந்தாள். எட்ட நின்று, எதையும் தொடாமல், அறைப் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பினாள். சந்தேகமே இல்லை, பலிச்சோறு!

"மாமி, அங்கே யாரு இருக்கா?"

"ஆம்பளைகள் அதெல்லாம் கேக்கப்படாது!" மாமி விருட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மாமிக்கே பயம் என்றால் அவன் கதி என்ன? இது போகாமல் அவன் ஒரு எழுத்துப் படிக்கப் போவதில்லை.

அடுத்த நாள் பொழுது விடிந்ததும் மந்திரவாதி தங்கப்பனைக் கையோடு அழைத்துவந்தான்.

"சாமி, இது தெவசமும் வருமோ?" என்றான் தங்கப்பன், வேப்பிலையை உதறிக்கொண்டே.

"தினமும் இல்லேப்பா. மாசத்துல மூணு நாள். நாலாம் நாள் விடியறப்போ கிணத்தடியிலே தண்ணி கொட்டற சத்தம் கேக்கும். அதோட மறைஞ்சு போயிடும். இன்னிக்கு மூணாம் நாள். எப்படியாவது ஓட்டிடு!"

தங்கப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தான். வேப்பிலையைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டான்.

"இதை ஓட்டண்டா, சாமி. நாளைக்கு அது தலை குளிச்சதும், வீட்டுக்காரர்கிட்டே போயி ஜாதகம் கேளுங்கோ."