அடுக்களை அலமாரியில் அம்மன் விளக்கு

இதை எழுத நாலு வருஷமாகத் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குமேல் கை ஓடாது. அந்த நோட்டில் இப்போது ஒரு பக்கம் முழுக்கப் பிள்ளையார் சுழிதான் இருக்கிறது. (பிள்ளையாருக்கே என்மேல் அலுப்புத் தட்டியிருக்கும்.) போன சீசனில் ஒரு காரியம் நடந்தது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அம்மன் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஆகிவிட்டது. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் கிறுக்குத்தனம்.

என் பேர் செண்பகம். பத்தாவது வரை படித்திருக்கிறேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், அம்மன் கோயில் தெருவில் வீடு. வீட்டுக்காரர் போலீஸில் இருக்கிறார். சீசன் வந்துவிட்டால் அவருக்கு அருவிக்கரையில் டூட்டி. குளித்தது போதும் என்று யாருக்குமே தோன்றாத இடத்தில், விசில் ஊதி ஆட்களை வெளியே அழைக்கிற வேலை. ஒரே மகள் கோமதி கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தவள் தன் பழைய டேப்லட்டையும் அதற்கான பேனாவையும் விட்டுவிட்டுப் போனாள். “சும்மா கிடக்கும்மா, சாமி பாட்டுக் கேளு” என்றாள்.

சாமி பாட்டுத்தான் கேட்டேன். பாட்டு முடிந்ததும் அதுவாகவே அடுத்த வீடியோ ஓடியது. இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. எந்த தேசத்து பாஷையோ, மெதுவாக, தூங்கப் போகிறவர் மாதிரி ஒருவர் பேசினார். ஒரு மஞ்சள் வட்டம் போட்டார். ஓரத்தில் கொஞ்சம் பச்சை, அடியில் கொஞ்சம் இருட்டு. கடைசியில் மேலே ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். அவ்வளவுதான், எலுமிச்சம்பழம் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அந்த வெள்ளைப் புள்ளியில் வழுக்கி விழுந்தவள்தான்.

அன்றுமுதல் தினமும் அந்தக் கைகளிடம் பாடம். பேச்சு புரியாது, கை புரியும். ஒரு நாள் தக்காளி, ஒரு நாள் சாவிக்கொத்து, ஒரு நாள் எவர்சில்வர் டம்ளர். டம்ளரை வரைந்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். “நல்லாருக்குட்டி. இட்லிக் கொப்பரைதான?” என்றார். தேங்காயை வரைந்தபோது முகத்தைத் திருப்பிக் காலண்டரைப் பார்த்தார்.

நான் விடவில்லை. உலகமே எனக்கு வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. சாரல் நாட்களில் எங்கள் ஊரில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாது. மலை பாதி இருக்கும், பாதி மேகமாகிப் போயிருக்கும். நல்லெண்ணெய்க் கிண்ணத்துக்குள் ஜன்னல் வளைந்து படுத்திருக்கும். கத்தரிக்காய்த் தோலில் ஒரு குட்டி வாசல் தெரியும், அதில் நானே நின்றுகொண்டிருப்பேன். இதையெல்லாம் ஆண்டவன் அத்தனை வருஷமாக என் அடுக்களையில் போட்டு வைத்திருந்தான். நான் பார்க்காமல் புளி கரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பால் நுரையில் எத்தனை நிறம் என்று எண்ணிக்கொண்டு நிற்பேன். பால் பொங்கி அடுப்பை அணைத்த பிறகுதான் நிறமெல்லாம் கலையும். அந்த மாதம் எங்கள் வீட்டில் பாதி நாள் கருப்பட்டிக் காப்பிதான்.

பாடத்தில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. படத்தை ஒரே தாளில் போடுவதில்லை. லேயர் லேயராகப் போட வேண்டும். கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குகிற மாதிரி. முதல் கோடு அடியில், அதன்மேல் நிறம், அதன்மேல் நிழல், எல்லாவற்றுக்கும் மேலே மினுக்கம். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் இருக்கும். கண்ணைத் தொட்டு மூடினால் அந்த லேயர் மறையும். திரும்பத் தொட்டால் கண் திறக்கும். சாமி சிலைக்குக் கண் திறக்கிற மாதிரி எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்தக் கைகள் முதல் கோட்டை மட்டும் அழிக்கவே அழிக்காது. கண்ணை மூடி, அடியிலேயே வைத்துக்கொள்ளும். நானும் அப்படியே பழகினேன். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துவிட்டேன்.)

ஆடி மாசம் வந்தது. எங்கள் அம்மன் சன்னதியில் ஒரு பித்தளைத் தொங்குவிளக்கு உண்டு. உச்சியில் ஒரு கிளி. அதற்கு மூக்கு உடைந்திருக்கும். ஆடிக் கடைசி வெள்ளிக்கு அதை ஏற்றுகிற முறை வருஷத்துக்கு ஒரு வீடாகத் தெருவைச் சுற்றி வரும். பதினோரு வருஷம் காத்திருந்து அந்த வருஷம் எங்கள் வீட்டு முறை. முறைக்காரி விளக்கை ஊறப்போட்டுத் தேய்க்க வேண்டும்; ஆனால் கோயில் பின்கட்டிலேயே தேய்க்க வேண்டும். அந்த விளக்கு கோயில் வாசலைத் தாண்டவே கூடாது. தாண்டினால் தெருவுக்கு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பூசாரி விளக்கை இறக்கிக் கொடுத்தார். புளி வைத்திருந்த பையில் டேப்லட்டும் இருந்தது. பின்கட்டில் பொங்கல் அண்டா ஒன்று சும்மா கிடந்தது. அதில் புளியைக் கரைத்து விளக்கை இறக்கினேன். கிண்ணம் தண்ணீருக்குள், கிளி வெளியே. அந்த நேரம் பார்த்து மேகம் விலகி ஒரு வெயில் வந்தது பாருங்கள்! பழுப்புத் தண்ணீருக்குள் பித்தளை தேன் மாதிரி இளகிப்போய்க் கிடந்தது. கிளியின் நிழல் தண்ணீரில் நடுங்கியது. துவைகல்லில் உட்கார்ந்து கடகடவென்று கோடு போட்டேன், கொஞ்சம் நிறமும் தீற்றினேன். சாரல் விழுந்தது. டேப்லட் நனைந்துவிடும் என்று பதறி, அண்டாவைப் பலகை போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். பூசாரி அன்று சாயங்காலமே சொந்தத்தில் ஒரு சாவு என்று அம்பாசமுத்திரம் போய்விட்டார்.

வீட்டில் மூன்று நாளும் அதே வேலை. கோயிலுக்குள் படம் எடுக்கக் கூடாது என்று போர்டு இருக்கிறது. வரையக் கூடாது என்று இல்லை. இருந்தாலும் சன்னதியை வரைய மனசு துணியவில்லை. அதனால் முதல் கோட்டின் கண்ணை மூடிவிட்டு, அதன்மேல் எங்கள் அடுக்களை அலமாரியை வரைந்து, விளக்கை அதில் தொங்கவிட்டேன். பின்னால் மிளகாய்ப்பொடி டப்பா, கடுகு டப்பா, சுவரில் எண்ணெய்க் கறை. பக்தியில் செய்தது. வரைந்து வரைந்து, விளக்கு அங்கேதான் இருக்கிறது என்று என் மனசும் நம்பிவிட்டது. அண்டா என்று ஒன்று இருந்ததே அடியோடு மறந்து போயிற்று.

வியாழக்கிழமை காலை கடைசி வெள்ளைப் புள்ளியை வைத்துவிட்டு அம்மனை வேண்டினேன்: “தாயே, ஒரே ஒரு ஆளாவது இதை நெசம்னு நம்பணும்.” வேண்டிக்கொண்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

அம்மன் அள்ளிக் கொடுக்கிறவள். தெருவே நம்பிவிட்டது.

மத்தியானம் வாசலில் சத்தம். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் மதினி, பின்னால் கோயில் சாவி வைத்திருக்கிற சங்கரபாண்டி அண்ணாச்சி, அவர்களுக்குப் பின்னால் கோயில் கழுவ வந்த பெண்கள் அத்தனை பேரும்.

“ஏட்டி செண்பகம், வெளிய வாட்டி! அம்மன் விளக்கு எங்க?”

“கோயில்லதான் இருக்கும் மதினி.”

“கோயில்ல காணும். இங்கனல்லா இருக்கு!” மதினி தன் போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். “மூக்கொடைஞ்ச கிளியோட, ஒன் மொளவாப்பொடி டப்பா பக்கத்துல தொங்குது!”

கடவுள் மன்னிக்கட்டும். என் மனசு முதலில் குளிர்ந்துதான் போனது.

“நெசம் மாதிரியா மதினி இருக்கு?”

“இவ நெஞ்சழுத்தத்தப் பாத்தியளா! தூக்கிட்டும் வந்துட்டு, நெசமா இருக்கான்னு வேற கேக்கா!”

“அது படம் மதினி. நானே வரஞ்சது.”

“நீயா? போன மாசம் நீ வரஞ்ச தேங்காய எம்புள்ள பெருச்சாளின்னு சொன்னான். நீ வரஞ்சியாக்கும்!”

அண்ணாச்சி மெதுவாகப் பேசினார். “ஒங்க முறைதாம்மா, இல்லங்கல. அதுக்காக விளக்க வாசல் தாண்டிக் கொண்டாரலாமா? ஆறு மணிக்குள்ள விளக்கு வரலன்னா முறைய அடுத்த வீட்டுக்கு மாத்திருவோம்.” அடுத்த வீடு மதினி வீடு. மறுபடி முறை வர இன்னும் எத்தனை வருஷமோ என்பது ஒருபக்கம். விளக்கைத் தூக்கினவள் என்ற பேரோடு நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சன்னதியில் நிற்பேன்?

அதற்குள் வீட்டுக்காரருக்குப் போன் போய்விட்டது. நனைந்த யூனிபாரமும் கழுத்தில் விசிலுமாக வந்தார். நேரே அடுக்களைக்குப் போனார். படத்தைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். டப்பாக்களைத் திறந்துகூடப் பார்த்தார். (ஒரு அடி விளக்கு கடுகு டப்பாவுக்குள் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.) பிறகு என்னிடம் வந்து, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மரியாதை கொடுத்தார்.

“பொருள் எங்க இருக்குன்னு சொல்லிருங்கம்மா.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எல்லாரும் கோயிலுக்கு வாங்க. அம்மன் முன்னாலயே காட்டுதேன்” என்று டேப்லட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மண்டபத்தில் உட்கார்ந்து மடியில் வைத்தேன். சுற்றிலும் தலைகள். வெளியே சாரல் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் முதல் கண்ணை மூடினேன். கிளிமேல் இருந்த மினுக்கம் போனது. யாரோ “ஆ” என்றார்கள். அடுத்த கண். நிழல் போனது, விளக்கு ஒன்றிலும் ஒட்டாமல் மிதந்தது. அடுத்த கண். பித்தளை போய், புகை மாதிரி ஒரு உருவம் நின்றது. அதையும் மூடினேன். அலமாரி போனது, எண்ணெய்க் கறை போனது, மிளகாய்ப்பொடி டப்பா போனது. வெறும் வெள்ளை.

“தாயே, படம்தான்” என்று மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஏட்டி, மன்னிச்சிருட்டி. வாய்க்கு வந்தத பேசிட்டேன்.” அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் (சாரல் என்று இன்றைக்கும் சொல்லுகிறார்).

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குத்தான் தலைக்கேறிவிட்டதே! “இன்னும் ஒண்ணு இருக்கு. மொதக் கோடு. அதையும் பாருங்க” என்று பெருமையாக அடிக் கண்ணைத் திறந்தேன்.

பழுப்புத் தண்ணீர். பாதி முங்கின விளக்கு. மிதக்கிற புளிக்கோது. சுற்றி ஒரு பெரிய விளிம்பு, அதில் பொறித்திருந்த எழுத்தைக்கூட விடாமல் போட்டிருந்தேன்.

மதினி குனிந்து பார்த்தாள். “இது எங்க மாமனார் உபயம் பண்ணுன அண்டால்லா?”

என் காதில் அருவி விழுகிற சத்தம் கேட்டது. அருவி அங்கிருந்து ரொம்ப தூரம்.

அப்புறம் எல்லாரும் பின்கட்டுக்கு ஓடினார்கள். நெரிசலைப் பார்த்ததும் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் விசில் ஊதினார், “ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா” என்றார். பலகையின்மேல் கோலப்பொடி வாளியை யாரோ வைத்திருந்தார்கள். அதை எடுத்து, பலகையை நீக்கி, அண்ணாச்சி விளக்கை வெளியே தூக்கினார். மூன்று நாள் புளியில் கிடந்தால் பித்தளை என்ன ஆகும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். கிளி தங்கமாக இருந்தது. கிண்ணம் செம்பாகச் சிவந்திருந்தது. நடுவில் தண்ணீர் நின்ற இடத்தில் கோடு கிழித்த மாதிரி.

முறையை மாற்றச் சொல்லி நானே அழுதேன். மதினிதான் மறித்தாள். “அதெல்லாம் வேண்டாம். ஊறப்போட்டவதான் தேய்க்கணும், தேய்ச்சவதான் ஏத்தணும். ஒக்காருட்டி!” பொழுது சாயும்வரை தேய்த்தேன். விரல் ஊறிச் சுருங்கியது, சிவப்புப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாம்பல் எடுத்துக் கொடுத்தது மதினிதான்.

வெள்ளிக்கிழமை ஏற்றினேன். சுடர் நின்றதும் கிண்ணத்தின் சிவப்பு மேலே ஏறி, கிளியின் வயிறுவரை விடிகாலை மாதிரி படர்ந்தது. அப்படி ஒரு நிறத்தை எந்த லேயரிலும் நான் போட்டதில்லை. அம்மன் அதற்கு அந்தப் பக்கம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் வண்டிச்சாவி காணவில்லை என்றால் யாரும் தேடுவதில்லை. “அடி லேயரத் தொறட்டி” என்பார் வீட்டுக்காரர். கேட்டதற்கு நான் பதில் சொல்லாவிட்டால் “சொல்லிருங்கம்மா” என்று கோமதி போனிலேயே போலீஸ் குரல் போடுகிறாள். அது போகட்டும். போன சீசனில் ஒரு வேன் நிறைய வெளியூர்க்காரர்கள் குளித்துவிட்டுக் கோயிலுக்கு வந்து என்னிடமே கேட்டார்கள்: “பஞ்சம் வரப்போறத முன்கூட்டியே சொல்ல, தானாச் சிவந்த விளக்கு இங்கதான இருக்கு?” ஒரு அம்மா அந்தக் கிண்ணத்தைத் தொட்டு அழுதாள். நான் பேசாமல் நின்றுவிட்டேன். அந்தப் பாவம்தான் இப்போது பேனாவைத் தள்ளுகிறது.

விளக்கு தானாகச் சிவக்கவில்லை. நான் மறந்தேன், அதனால் சிவந்தது. வருகிறவர்கள் தாராளமாகக் கும்பிடுங்கள். அம்மன் முன்னால் கும்பிட்டது வீண்போகாது. இதை நாலு பேருக்குச் சொல்லவும் செய்யுங்கள். ஆனால் நான் சொன்னபடியே, புளியோடும் அண்டாவோடும் சொல்லுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், மேலே ஒரு வெள்ளைப் புள்ளிகூட வைத்துவிடாதீர்கள்.