பூச்சி துளைத்த பொத்தான்கள்

வெளிநாட்டுத் துரையின் ஜீப்பு தேனியைத் தாண்டிவிட்டது என்று போன் வந்தபோது, போடி தையல் பயிற்சிக் கூடத்தில் மிஷின்கள் மட்டும்தான் இருந்தன. தையல் பழக வேண்டிய பெண்கள் அத்தனை பேரும் ஏலக்காய் பறிக்கப் போடிமெட்டு ஏறிவிட்டார்கள். காய்ப் பருவத்தில் கூலியை விட்டுவிட்டு எவள் காஜா எடுக்கப் பழகுவாள்?

மேற்பார்வையாளர் வேலுச்சாமி வாசலுக்கும் மிஷினுக்குமாக நடந்தார். எழுபத்தாறில் கூடம் திறந்த நாளிலிருந்து மிஷினும் அவர் சம்பளமும் கடல் தாண்டி வருகிற உதவி. பார்வையிட வருகிற துரை உதட்டைப் பிதுக்கினால் கூடத்துக்குப் பூட்டு. அப்புறம் மாமனாரின் ஏலக்காய்க் கடையில் தராசு பிடிக்க வேண்டியதுதான். அதிலிருந்து தப்பிக்கத்தானே இந்த வேலைக்கே வந்தார்!

வேறு வழியில்லாமல் அதே மாமனாரின் சரக்குக் கிட்டங்கிக்கு ஓடி, சொத்தைக் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களைக் கெஞ்சிக் கூட்டி வந்தார்.

"ஆத்தா, சும்மா மிதிச்சாப் போதும். நூலு கோக்க வேணாம்."

"அம்புட்டுத்தானே? மிதிச்சுருவோம்," என்றாள் மாயக்காள்.

துரை வந்தார். அவருக்குப் பேச்சை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல, டிரைவர் மொக்கச்சாமி கூடவே நின்றான்.

மாயக்காள் மிதித்த மிதியில் மிஷின் பின்னோக்கி ஓடிப் பெல்ட்டை உதறியது.

"இவுக பொத்தான் வகுப்பு!" என்று வேலுச்சாமி அவசரமாக அவள் முன்னால் ஒரு தட்டுப் பொத்தானைக் கொட்டினார்.

மாயக்காள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் சுளித்தாள். ஒன்றுவிடாமல் ஒதுக்கித் தள்ளினாள்.

"என்னாத்தா பண்ற?"

"அம்புட்டும் பூச்சி தொளைச்சது அப்பு. இதை எவன் வாங்குவான்?"

"வெரி குட்," என்றார் துரை. சொன்னதோடு நிற்காமல், தன் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பொத்தானையும் அவளிடம் காட்டினார்.

"வேணாங்க, மொதல்ல காப்பி..." என்று வேலுச்சாமி குறுக்கே பாய்வதற்குள், மாயக்காள் இடுப்பிலிருந்து கோணி ஊசியை உருவிவிட்டாள். போட்டிருந்த கோட்டோடு துரையைக் கழுத்திலிருந்து இடுப்புவரை மூட்டை வாய் மாதிரி இழுத்துத் தைத்து, சணலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"இனி ஒரு காய் சிந்தாது."

வேலுச்சாமியின் கண்ணுக்குள் மாமனார் தராசோடு நின்றார்.

துரை குனிந்து பார்த்தார். தோளைக் குலுக்கிப் பார்த்தார். கோட்டு அசையவில்லை.

"வெரி குட்," என்றார்.

அதற்கு மேல் வேலுச்சாமிக்குத் தாங்கவில்லை. மொக்கச்சாமியை ஓரமாக இழுத்துப் போனார்.

"தம்பி, உள்ளதைச் சொல்லிர்றேன். இவுக தையல் பழகுற ஆளுக இல்ல, கிட்டங்கியில காய் பொறுக்குறவுக. துரைகிட்டச் சொல்லி என் பொழப்பைக் கெடுத்துறாத!"

மொக்கச்சாமி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அட நீங்க ஒண்ணு! நெசத் துரை பாக்காமலே ரிப்போர்ட்டை எழுதி வச்சுட்டுத் தேக்கடிக்கு யானை பாக்கப் போயிட்டாரு. இவரு கொடைக்கானல் ஏரிக்கரையில தாடியோட திரிஞ்ச வெள்ளக்கார ஹிப்பி, நேத்துத்தான் சவரம் பண்ணிக் கூட்டியாந்தேன்."