நங்கூரம் பார்க்க வந்தவர்கள்

"இணையதளத்தால் சமுதாயத்துக்கு விளைந்த பயன் என்ன?" என்று கேட்டது படிவத்தின் ஆறாவது கேள்வி. கீழே பத்து வரி இடம் விட்டிருந்தார்கள்.

ராயபுரத்தில் இருந்த அந்தச் சின்னக் கடல் வணிக அருங்காட்சியகத்தின் ஒரே ஊழியர் ஸ்டானிஸ்லாஸ். மூன்று நாளாக அந்தப் பத்து வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வயது, சாதுவான மனிதர். தலைக்கு மேல் மின்விசிறி, ஜன்னலில் துறைமுகக் காற்று, மாதத்துக்கு இருபது பார்வையாளர்கள். இதற்கு மேல் அவர் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. ஆனால் பயன் ஒன்றுமில்லை என்று எழுதினால், பணம் தரும் அறக்கட்டளை தளத்தை மூடிவிட்டு, கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு போய்விடும்.

தளம் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்த மாதம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் இருக்கும். நாணயங்கள் பக்கம் ஏழு. வரைபடங்கள் பக்கம் நான்கு, அதில் மூன்று அவரே பார்த்தது. நங்கூரம் பக்கம் மட்டும் ஆயிரத்து நூற்று நாற்பது. நங்கூரத்தின் உயரம் தெரியட்டும் என்று போட்டோக்காரர் அவரையே பக்கத்தில் நிற்கவைத்து எடுத்த படம் அது.

காரணம் புரியாவிட்டாலும் உள்ளதை எழுதினார்: "மக்கள் நங்கூரத்தை மிகவும் விரும்புகிறார்கள்."

வினை அங்கே தொடங்கியது. அறக்கட்டளை அதிகாரி வேதமாணிக்கம் பூரித்துப்போய்ப் போன் செய்தார். இத்தனை பேர் விரும்பும் பொருள் கொல்லைப்புறத்தில் கிடக்கலாமா, உடனே முன்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றார். எட்டுப் பேர் சங்கிலி போட்டு இழுத்தார்கள். நங்கூரம் உள்ளே வந்தது, வாசல் நிலை வெளியே போனது.

மறுவாரம் இன்னொரு போன். படத்தில் நங்கூரத்தை மறைத்துக்கொண்டு நீங்கள் ஏன் நிற்கிறீர்கள், அதை மட்டும் தனியாக எடுத்துப் போடுங்கள் என்றார். ஸ்டானிஸ்லாஸ் அப்படியே செய்தார்.

அடுத்த மாதம் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் ஒன்பது பேர்.

வேதமாணிக்கம் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஆயிரம் பேரை எங்க தொலைச்சீங்க, ஸ்டானிஸ்லாஸ்?"

அந்த நேரம் பார்த்து நிலையில்லாத வாசல் வழியே ஒரு குடும்பம் நுழைந்தது. நடுவயது அம்மாள், அவர் கணவர், புதுச் சேலையில் ஒரு பெண். எண்ணூரிலிருந்து வருவதாக அம்மாள் சொன்னார்.

"இன்டர்நெட்ல பாத்தோம் சார். மறுபடி பாத்தா சரியா தெரியல. அதான் நேர்லயே பாத்துக்கலாம்னு வந்துட்டோம்."

வேதமாணிக்கத்துக்கு முகம் மலர்ந்தது. சமுதாயப் பயன் தன் காலால் நடந்து வந்திருக்கிறது. பையிலிருந்து படிவத்தை எடுத்துக்கொண்டு, ஸ்டானிஸ்லாஸை நாற்காலி போடச் சொல்லிவிட்டு, மூவரையும் நங்கூரத்தின் முன்னால் அழைத்துப்போனார். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார்.

அம்மாள் சற்றுத் தயங்கினார். "ஒரே எடம்தானா சார், இல்ல மாத்திகினே இருப்பாங்களா?"

"இனிமே எங்கயும் மாத்தறதா இல்லம்மா. இங்கயே நிரந்தரம்."

கணவனும் மனைவியும் திருப்தியோடு தலையாட்டிக்கொண்டார்கள். பெண் நாற்காலிகள் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி எங்கனா கட்டிவெச்சது, அறுத்துவுட்டது…"

"உண்டு. ரொம்ப நாள் கட்டியிருந்தது. அப்புறம் ஒரு புயல்ல அறுந்துபோச்சு."

அம்மாளின் கை நெஞ்சுக்குப் போனது. கணவர் இரண்டு முறை இருமினார். ஆனாலும் அம்மாள் விடவில்லை.

"வயசு இன்னா ஆவுது சார்?"

"நூத்தி முப்பது," என்றார் வேதமாணிக்கம் பெருமையாக.

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நங்கூரத்த யாரு சார் கேட்டா? மாப்ள போட்டோ கம்ப்யூட்டர்ல கீதுன்னு அவுங்க அக்காதான் காசிமேட்லருந்து எண்ணூர் வரிக்கும் வூடு வூடா அட்ரஸ எழுதிக் குடுத்துகினு கீது. தோ, நாற்காலி தூக்கிகினு வர்றாரே, அவுரு வயச கேட்டேன்."