மாப்பிள்ளை வரைந்த நாற்பத்தொரு வட்டங்கள்

கரையாம்புத்தூர்,
ஞாயிறு, பூசை முடிந்து.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அன்புராஜ் அவர்களுக்கு,

மாமியார் பிலோமினா எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம். நீங்களும் ரோஸ்லினும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்பவே விரும்புகிறேன்.

போன வாரம் நீங்கள் மீன் குழம்பைத் தொடாமல், முகம் வாடி பஸ் ஏறியது என் மனதை உறுத்துகிறது. சண்டை தீர்க்கும் உங்கள் படிப்பு நம் ஊரில் தோற்றுவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

நம் வாய்க்கால் மதகில் பலகை போட்டால் மூன்று நாள் தண்ணீர் நம் புதுச்சேரிக் கரைக்கு, எடுத்தால் மூன்று நாள் எதிரே தமிழ்நாட்டுக் கரைக்கு. அந்தப் பலகை காணாமல் போனதும் நம்மவர்கள் அவர்களைத் திருடர்கள் என்றார்கள், அவர்கள் நம்மவர்களைப் பொய்யர்கள் என்றார்கள், என்னுடையது உட்பட எல்லா நாற்றங்காலும் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நீங்கள் வந்து, சண்டை இரண்டு பேர் விவகாரம் இல்லை, ஆயிரம் இழை பின்னிய அமைப்பு, சரியான ஒரு சின்ன இடத்தைத் தொட்டால் எல்லாம் மாறும் என்று சொல்லி, இரு கரையையும் நம் வாசலுக்கு அழைத்தீர்கள். படம் ஒட்டப் பலகை கேட்டீர்கள். வாசல் சாக்கடை மேல் கிடந்ததை நம் வீட்டில் வேலை செய்யும் கலியம்மாள் கழுவிக் கொண்டுவந்து சுவரில் சாத்தினாள். நீங்கள் கரைக்கு ஒன்றாக இரண்டு வட்டமும் நடுவே ஓர் அம்பும் போட்டதுமே நம் பலராமன் எழுந்து, "இன்னா சார், அவங்க வட்டம் பெருசா இருக்குது?" என்றான். அதைச் சின்னதாக்கினால் எதிர்க்கரைப் புகழேந்தி, "அம்பு எங்களப் பாத்து வருதே, அப்ப நாங்கதான் திருடனா?" என்றான். பிறகு டீக்கடைக்கு ஒன்று, கரும்பு லாரிக்கு ஒன்று, மாரியம்மன் தேருக்கு ஒன்று என்று மதியத்துக்குள் நாற்பத்தொரு வட்டம். ஒன்றாவது உருண்டையாக இருந்ததா? எங்கள் கான்வென்ட் சிஸ்டர் பார்த்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார். கூட்டம் கத்திவிட்டுக் கலைந்தது, நீங்களும் போய்விட்டீர்கள்.

ஆனால் படம் இருந்தது. மறுநாளே இரு கரையும் தங்கள் வட்டத்தை யாராவது அழித்துவிட்டார்களா என்று பார்க்க வந்தது. தினமும் வந்தார்கள். "உங்க ஊருக்குப் பொண்ணு குடுத்தமே, அந்த அம்பு எங்கடா?" என்று பலராமன் கேட்க, புகழேந்தி என் பென்சிலை வாங்கி அதையும் போட்டான். புதன்கிழமை அவனே, "இத்தினி அம்பு போவுது வருது, ஒரு பலக செய்ய முடியாதாபா நம்மளால?" என்றான். மரம் நம் கரை, ஆசாரி அவர்கள் கரை. வெள்ளிக்கிழமை பலகை இறங்கியது. என் நாற்றங்காலில் தண்ணீர் நிற்கிறது. உங்கள் படிப்பு ஜெயித்தது, மாப்பிள்ளை. அடுத்த ஞாயிறு புதுப் பலகைக்குப் பூசணிக்காய் உடைப்பதும் ஃபாதர் தீர்த்தம் தெளிப்பதும் ஒன்றாக நடக்கும். வாழ்த்துரை நான்தான்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும்.

அன்புடன்,
பிலோமினா

பின்குறிப்பு: இதை ரோஸ்லினிடம் படித்துக் காட்ட வேண்டாம். நேற்று படத்தைப் பிரித்துப் பலகையைத் துடைத்தபோது, பின்பக்கம் பச்சைப் பெயிண்டும் மதகு எண்ணும் தெரிந்தன. முன்பு பெய்த ஒரு நாள் மழையில் பூசைக்குப் போகச் சேற்றில் கால் வைக்க மாட்டேன் என்று கலியம்மாளிடம் நான் கேட்ட பலகை. வாய்க்கால் ஓரம் சும்மா கிடந்ததாம். நீங்கள் தேடிய அந்தச் சின்ன இடம் நான்தான். நாற்பத்தொன்றில் எனக்கு ஒன்றுகூட இல்லை. அடுத்த முறை வரும்போது எனக்கும் ஒரு வட்டம் போடுங்கள். கொஞ்சம் சின்னதாகவே போடுங்கள்.