கடல் கடந்த கருணையும் கொழுந்துக்கூடையும்

வாழ்க சிவசாமி! பாக்கு நீரிணையைக் கப்பல் முழுக்க வாந்தியெடுத்தபடியே வென்ற மாவீரர் வாழ்க! பல்லாண்டுகளாகப் புலால் தீண்டாத புனித நாவினர், ஒரத்தநாட்டுப் பக்கத்துச் சீவகாருண்ய சங்கத்தின் சோர்வறியாச் செயலாளர், எறும்புக்கும் வழிவிட்டு நடப்பவர் என்று தம்மைப் பற்றித் தாமே துண்டுப் பிரசுரம் அச்சிட்ட தகைமையாளர்; அன்னாரின் அருஞ்செயலைப் பாடப் புகுகிறோம். அக்கரப்பத்தனை மூடுபனியே, சற்று விலகி நில்!

அவர் புகழில் ஒரே ஒரு குறை இருந்தது. ஊர்ப் பூனைகளைக் காத்தோர் சங்கத்தில் பலருண்டு. அயல்நாட்டுப் பூனையைக் காத்தவர் எவருமில்லை. தை மாதக் கூட்டத்தில் தலைவர் பதவி காலியாகிறது. ஆகவே, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உறவினரைப் பார்க்கப் புறப்பட்ட அன்றே, ஆதரவற்ற பூனையொன்றை ஏந்தித்தான் அந்த மேடையேறுவது என்று சபதம் பூண்டார். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கண்ட பூனைகளோ கடைவாசல்களில் கொழுத்துக் கிடந்து அவரை வஞ்சித்தன. மிஞ்சியது ஒரே நாள்; அதற்கு மறுநாள் காலை தலைமன்னாருக்கு ரயிலேற வேண்டும். அந்தக் கடைசி நாளன்று, முந்தைய இரவு தாம் வந்து சேர்ந்திருந்த அக்கரப்பத்தனைத் தோட்டத்தில், தங்கை மகள் அழகம்மாவின் லயத்து வரிசைவீட்டில் அவர் கண்விழித்தார்.

அழகம்மா விடியுமுன்பே ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டிருந்தாள். லயமே கொழுந்தெடுக்க மலையேறியிருந்தது, குழந்தைகள் ஆயா காக்கும் பிள்ளைக்காம்பராவில். அன்று தூரமலை என்பதால் பகல் சாப்பாட்டுக்கும் ஒருவரும் இறங்க மாட்டார்கள். அவள் கிளம்பியதும் குளிர்காற்றுக்கு அஞ்சிக் கதவைத் தாழிட்டுவிட்டு இரண்டு கம்பளிக்குள் தவமிருந்த நம் நாயகர், வெயில் வாசலைத் தொட்டபின் எழுந்து கதவைத் திறந்தார். திறந்தவர் திகைத்தார்.

வரிசையாக ஆறு கதவுகள், அவர் திறந்தது தவிர ஐந்தும் அடைத்திருந்தன. அவற்றின் முன்னே, நடுங்கும் மேனியும் நலிந்த குரலுமாய், செந்நிறப் பூனையொன்று ஓலமிட்டுக்கொண்டிருந்தது.

"நாதியற்ற ஜீவனே!" என்று முழங்கினார் சிவசாமி. "கல்நெஞ்சர் கைவிட்ட கண்மணியே, அஞ்சேல்! இனி உனக்கொரு நாடுண்டு, உனக்கொரு சங்கமுண்டு!"

அந்த லயத்தில் குடியிருந்தவர்கள் எந்த நாட்டுக்காரர் என்று இரண்டு அரசாங்கங்களும் அப்போது இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தன. சிவசாமிக்கு அது தெரியும். ஆனால் அவர்களைத் தூக்கிக்கொண்டு மேடையேற முடியாதல்லவா?

முதலில் கொடையால் வெல்ல முனைந்தார். தமக்கென அழகம்மா மூடி வைத்திருந்த ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் தட்டோடு பூனைமுன் படைத்தார். பூனை மோந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூரைமேலிருந்து கடற்படைபோல் இறங்கிய காக்கைகள் ரொட்டியைக் கொள்ளையிட்டன. கொடை தோற்றபின் போர் தொடங்கிற்று. கம்பளியைப் போர்வலையாக வீசியும், வேட்டியை மடித்துக் கட்டியும், விறகடுக்கில் வழுக்கியும், தண்ணீர் விழும் பீலிக்கரைச் சேற்றில் புரண்டும், மூக்கில் ஒன்றும் முழங்கையில் மூன்றுமாக விழுப்புண் ஏற்றும், உச்சிப்பொழுதில் பழைய கொழுந்துக்கூடையொன்றைக் கவிழ்த்து அந்தச் செம்புலியைச் சிறைப்பிடித்தார். ஆயினும் கையெடுத்தால் கூடை எகிறியது. ஆதலால் கோட்டையைக் கட்டித் தழுவிய காவலனாக, பச்சைத் தண்ணீருக்கும் எழாமல், பசி குடலைக் கடைய, வாசலிலேயே குந்தியிருந்தார். மனக்கண்ணில் மட்டும் மாலை மேல் மாலையாக விழுந்துகொண்டிருந்தது.

பொழுது சாய, பெண்கள் வெறுங்கூடைகளோடு மலையிறங்கினார்கள்.

"அட மாமா!" என்றாள் அழகம்மா. "நம்ம ராணிய எதுக்குக் கூடையில போட்டு அமுக்கிக்கிட்டு இருக்கீங்க?"

"ராணியாம்ல!" என்றாள் அடுத்த வீட்டுக் காளியாயி. "அது எங்க செவலைடி."

கோடி வீட்டு மாயாண்டி பின்னாலிருந்து சொன்னார்: "ரெண்டு பேரும் சும்மா இருங்க. நேத்து எங்க வீட்டுலதான தின்னுச்சு."

நாயகர் கூடையை விடாமலே கேட்டார்: "அப்படியானால் இது அநாதை இல்லையா?"

"அநாதையா? ஆறு வீட்டுல திங்கிறதுங்க அது!" காளியாயி சிரித்தாள். "பகலுக்கு மட்டும் அழகம்மா அடுப்புச் சாம்பல்ல படுத்துக்கும்."

"அதுக்குத்தான் கதவ ஒருக்களிச்சு வெச்சிட்டுப் போனேன். நீங்க தாப்பா போட்டீங்களாக்கும்? வெளிய கெடந்து குளிருல கத்தியிருக்கும், பாவம்." அழகம்மா அவர் மூக்கைப் பார்த்தாள். "காலையில வெச்ச ரொட்டியத் தின்னீங்களா?"

சிவசாமி காக்கைகள் போன திசையைப் பார்த்தார்.

"ஐயோ, பச்சப்பட்டினி! யாருமத்தவராட்டம் வாசல்ல குந்தியிருக்காரே" என்றாள் காளியாயி. "இவ பருப்பு வேகவெச்சு எப்ப போடுறது? இருக்கறத எடுத்தாங்கடி!"

மாதக் கடைசி. காலையிலேயே ஆக்கி வைத்த சோறும் குழம்பும் வீட்டுக்கு வீடு வந்தன. ஆறு வீட்டுக் குழம்பும் ஒரே குழம்பு. பூனை கூடையிலிருந்து வெளிவந்து, உடம்பை நீட்டி முறித்து, அவர் தட்டருகே அமர்ந்தது. புலால் தீண்டாப் புனித நாவும், அச்சேறிய அறமும், தை மாதத்துத் தலைமைப் பீடமும், கடல் கடந்த கருணை என்னும் காணாத பட்டமும் கண்முன் வரிசையாக எழுந்து நின்று கைகூப்பிக் கெஞ்ச, எறும்புக்கும் வழிவிடும் ஏந்தல் வலக்கையை உயர்த்தி, மணம் வீசும் அந்தத் தட்டை நோக்கித் தாழ்த்தினார்.

கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது.